நிக்காஹ் டிஸ்க்குகள்: நகல் எடுப்பது வேறு, சுருக்குவது வேறு



சென்ற மாதம் திருமுல்லைவாயலிலிருந்து ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நீல நிற உறையில் ஒரு டிஸ்க், கூடவே ஒரு பென் டிரைவ். 2011-ல் நடந்த அவருடைய நிக்காஹ் வீடியோ அது. அத்தா வபாத்தாகி நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் அவருடைய புகைப்படங்கள் உண்டு. ஆனால் அவர் நடமாடுவதும் பேசுவதும் இந்த டிஸ்க்கில் மட்டும்தான். வலீயாக அமர்ந்து, மகளின் பெயரையும் மஹர் தொகையையும் சொல்லி அவர் மணமுடித்துக் கொடுக்கும் அந்த ஒன்றரை நிமிடத்துக்காகவே அந்தக் குடும்பம் டிஸ்க்கைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது.

டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கும் பிளேயர் பழுதாகிவிட்டது. "பென் டிரைவில் போட்டுத் தருகிறோம்" என்று சொன்ன ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கிடைத்ததுதான் அந்தப் பென் டிரைவ். இரண்டரை மணி நேர வீடியோ வெறும் 700 எம்பி கோப்பாக இருந்தது. டிவியில் போட்டால் அத்தாவின் முகம் சதுரம் சதுரமாக உடைகிறது. தாடி எது, நிழல் எது என்று தெரியவில்லை. "டிஸ்க் பழசாகிவிட்டது, அவ்வளவுதான் வரும்" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். டிஸ்க்கைத் திருப்பி வாங்கி வந்தது அவர்கள் செய்த நல்ல காரியம்.

சகோதரியின் மனதில் இன்னொரு கவலையும் இருந்தது. வீடியோவில் பாதி நேரம் பெண்கள் பகுதியில் எடுத்தது. பர்தா இல்லாமல், வீட்டாருக்கு மட்டும் என்று நம்பி நின்ற பெண்கள் அதில் இருக்கிறார்கள். இரண்டு வாரம் அது யாருடைய கம்ப்யூட்டரில் இருந்தது, இப்போதும் இருக்கிறதா என்று அவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

நம் மஹல்லாக்களில் பல வீடுகளில் இந்த நிலைமை இருப்பதால், இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்கிறோம். ஓரளவு கம்ப்யூட்டர் பழக்கம் உள்ள பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், இந்த வேலையை வெளியே கொடுக்காமல் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் எளிதான வேலை என்று சொல்லமாட்டோம். எங்கெங்கே சறுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

கையில் இருப்பது எந்த டிஸ்க்?

வீட்டில் எல்லாவற்றுக்கும் "கல்யாண சிடி" என்றே பெயர். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வட்டம்தான். உள்ளே மூன்று தலைமுறை இருக்கிறது. விசிடி என்றால் படம் 352-க்கு 288 புள்ளி. டிவிடி என்றால் 720-க்கு 576. புளூ-ரே என்றால் 1920-க்கு 1080. டிவிடியில் ஒரு படத்தில் ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள். புளூ-ரேயில் 20 லட்சத்துக்கும் மேல், அதாவது ஐந்து மடங்கு. கொள்ளளவும் அப்படியே ஏறுகிறது: சிடி 700 எம்பி, டிவிடி 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு டிவிடி 8.5 ஜிபி, புளூ-ரே 25 ஜிபி, இரண்டு அடுக்கு புளூ-ரே 50 ஜிபி.

புளூ-ரேயைச் சாதாரண டிவிடி டிரைவில் போட்டால் "டிஸ்க் இல்லை" என்றே காட்டும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து இதைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. டிவிடி டிரைவில் இருப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். புளூ-ரேயின் புள்ளிகள் மிக நுணுக்கமானவை. அவற்றைப் படிக்க 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர் வேண்டும். யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் புளூ-ரே டிரைவ் ஒன்று இதற்குத் தேவை. விலை சில ஆயிரங்கள். ஒரு டிஸ்க்குக்காக ஒரு குடும்பம் வாங்குவது வீண். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில டிரைவ்களுக்கு லேப்டாப்பின் ஒரு யூ.எஸ்.பி. துளை தரும் மின்சாரம் போதாது. பாதியில் டிரைவ் நின்றால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

தள்ளிப்போடாமல் இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளுக்கு வெற்று டிஸ்க்குகளை ஏராளமாகத் தந்த மோசர் பேர் நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு, பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க்குகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. டிஸ்க் நல்லபடியாக இருந்தாலும், படிக்கும் கருவி இன்னும் பத்து வருடத்தில் கடையில் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

டிஸ்க் எப்படிக் கெடுகிறது?

வீட்டில் எழுதப்படும் டிவிடியில் பதிவு இருப்பது ஒருவகைச் சாயப்பூச்சில். வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்தைத் தின்னும். ஷீட் போட்ட வீட்டின் பரணில் மே மாதம் முழுதும் இருந்த டிஸ்க்கின் கதியை நீங்களே ஊகிக்கலாம். புளூ-ரேயில் பெரும்பாலும் சாயத்துக்குப் பதில் உறுதியான கனிமப் படலம் இருக்கும். சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்கு வேறொரு பலவீனம். டிவிடியில் பதிவு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில், நடுவில் பாதுகாப்பாக இருக்கிறது. புளூ-ரேயில் மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. கீறல் விழாமலிருக்க அதன்மேல் கடினமான பூச்சு ஒன்று உண்டு. டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு அந்தப் பூச்சையே தேய்த்துவிடாதீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் நம் பகுதிகளில் எத்தனையோ வீடுகளின் கீழ்த்தட்டு அலமாரிகள் நீரில் நின்றன. வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்கள் அதிகம். அவசரப்பட வேண்டியதில்லை. புகைப்பட ஆல்பம் நனைந்தால் ஒட்டிக்கொண்டு போய்விடும். டிஸ்க் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் ஒற்றித் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவு வட்டப்பாதையில் இருப்பதால், வட்டமாக விழும் ஒரு கீறல் ஒரே பாதையில் நெடுந்தூரத்தை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

முதல் வேலை: அப்படியே நகல்

கடையில் நடந்த தவறு என்ன? டிஸ்க்கிலிருந்து எடுப்பதையும் சிறிதாக்குவதையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிட்டார்கள். நாம் இரண்டையும் பிரித்துச் செய்ய வேண்டும். முதலில் டிஸ்க்கில் உள்ளதை ஒரு புள்ளி குறையாமல் ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுவருவது. சுருக்குவது பிறகு, தேவைப்பட்டால் மட்டும். முதல் வேலை சரியாக முடிந்துவிட்டால், இரண்டாவதில் எத்தனை முறை தவறு செய்தாலும் திரும்பவும் செய்துகொள்ளலாம்.

கல்யாண வீடியோக்காரர் தந்த டிஸ்க்கில் சினிமா டிஸ்க்குகளில் உள்ளது போன்ற பூட்டு எதுவும் சாதாரணமாக இருக்காது. எனவே நகல் எடுக்கத் தனி வித்தை தேவையில்லை. கம்ப்யூட்டரில் டிஸ்க்கைத் திறந்தால், டிவிடியில் 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரும், புளூ-ரேயில் 'பிடிஎம்வி' என்ற ஃபோல்டரும் ஆங்கில எழுத்தில் தெரியும். அந்த ஃபோல்டரை முழுவதுமாக இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட வேண்டும். முழுவதுமாக என்பதை அழுத்திச் சொல்கிறோம். டிவிடியில் வீடியோ ஒரே கோப்பாக இருக்காது. ஒரு ஜிபி அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். பூந்தமல்லியில் ஒரு தம்பி முதல் துண்டை மட்டும் நகலெடுத்து, திறந்து பார்த்து மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது என்று திருப்திப்பட்டு, டிஸ்க்கை உறவினரிடம் கொடுத்துவிட்டார். நிக்காஹ் இரண்டாவது துண்டில் இருந்தது.

துண்டுகள் தொந்தரவு என்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள், வீடியோவைச் சுருக்காமல் ஒரே கோப்பாகக் கோத்துத் தரும். 25 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 23.3 என்றும், 4.7 ஜிபி டிவிடியை 4.4-க்குச் சற்றுக் குறைவாகவும் காட்டும். எதுவும் தொலைந்துவிடவில்லை. டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

பழுதில்லாத புளூ-ரே முழுதாக வர முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். டிரைவ் ஒரே இடத்தில் நின்று முனகினால் அங்கே பழுது இருக்கிறது என்று பொருள். விண்டோஸ் பொறுமையில்லாதது, ஒரு இடம் படிக்கவில்லை என்றால் அந்தக் கோப்பையே விட்டுவிடும். இதற்கென்றே டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் எல்லாம் திரட்டிக்கொண்டு, முடியாத இடங்களைக் குறித்து வைத்து, பிறகு அங்கே மட்டும் திரும்பத் திரும்ப முயலும். ஒரு டிரைவில் நின்ற இடத்தை, அந்தக் குறிப்பு இருந்தால், வேறொரு டிரைவில் தொடரலாம். ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை இன்னொன்று சிரமமில்லாமல் படிப்பதை நாங்களே பார்த்தோம்.

ஏன் சுருக்கினால் முகம் உடைகிறது?

இங்கே கொஞ்சம் கணக்கு பார்ப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழு எச்டி படத்தில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் என்றால் ஒரு படம் 6 எம்பிக்கு மேல். நொடிக்கு 25 படங்கள்; ஆக நொடிக்கு 155 எம்பி. இப்படி அப்படியே எழுதினால் 25 ஜிபி டிஸ்க் மூன்று நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். ஆனால் அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கல்யாணம் இருக்கிறதே? ஏனென்றால் டிஸ்க்கில் இருப்பதே ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். நொடிக்கு 25 மெகாபிட், அதாவது 3 எம்பி சொச்சம் என்று எழுதப்பட்டிருந்தால், கிட்டத்தட்ட ஐம்பதில் ஒரு பங்காக ஏற்கெனவே ஒடுக்கியாகிவிட்டது. நாம் செய்யப்போவது இரண்டாவது சுருக்கம். ரேஷன் கார்டு ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குகிறதல்லவா, அதே கதை. அதைப் பின்னர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மூன்றாவது சுருக்கம்.

சுருக்கும் முறை, அடுத்தடுத்த படங்களுக்கு இடையில் மாறாததை மறுபடி எழுதாமல் விடுவதில்தான் இருக்கிறது. ஹஜ்ரத் குத்பா ஓதும்போது எல்லோரும் அமர்ந்திருக்கிறார்கள். கேமராவும் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது. மாறுவது சில உதடுகளும் கைகளும் மட்டுமே. இந்தக் காட்சி மிகக் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். ஊர்வலத்தில் மாப்பிள்ளை முகத்தில் பூச்சரம் ஆடுகிறது, சீரியல் விளக்கு மின்னுகிறது, கேமராக்காரர் நடந்துகொண்டே எடுக்கிறார். ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. ஜரிகைப் புடவைகள் நிறைந்த பெண்கள் பகுதியும் அப்படித்தான். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் எடுத்ததில் பொடிப்பொடியாக ஒரு இரைச்சல் ஓடும்; மென்பொருள் அதையும் அசைவு என்று நினைத்து இடத்தை அதற்குச் செலவழிக்கும்.

இப்போது சகோதரியின் டிஸ்க்குக்கு வருவோம். 22 ஜிபி, இரண்டரை மணி நேரம். நொடிக்குச் சராசரியாக ஏறத்தாழ 20 மெகாபிட். கடைக்காரர் கொடுத்த 700 எம்பியில் அது நொடிக்கு 0.6 மெகாபிட். முப்பதில் ஒரு பங்கு! படத்தின் அளவை மட்டும் 1920-க்கு 1080 என்றே வைத்துவிட்டு இப்படி ஒடுக்கினால், எச்டி என்று பெயர்தான் இருக்கும். 700 எம்பி என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று யோசித்தோம். ஒரு காலத்தில் ஒரு சிடியில் ஒரு படம் என்று அடக்கிய பழக்கம். சிடி போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

சுருக்கத்தான் வேண்டும் என்றால்

ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தால் அசல் நகலை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் இப்படிப்பட்ட நாற்பது புளூ-ரேக்கள் அடங்கும். பென் டிரைவில் போட்டு டிவியில் பார்க்கவும், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பவும் சிறிய நகல் ஒன்று தேவைப்படும். அதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும்.

அதில் "இத்தனை எம்பிக்குள் கொண்டு வா" என்று அளவைக் கட்டாதீர்கள். தரத்தைக் கட்டுங்கள். ஆர்எஃப் என்று ஒரு எண் கேட்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். முழு எச்டிக்கு 20 முதல் 24 வரை, டிவிடிக்கு 18 முதல் 22 வரை என்பது அந்த மென்பொருளைச் செய்தவர்களே சொல்லும் அளவு. எங்கள் யோசனை, பெரியவர்களின் முகம் முக்கியம் என்றால் 20-ல் வையுங்கள். அசைவு அதிகமுள்ள இடத்தில் தானே அதிக இடம் எடுத்துக்கொள்ளும், குத்பாவில் தானே மிச்சம் பிடிக்கும். சகோதரியின் வீடியோ இப்படிச் செய்தபோது 9 ஜிபி வந்தது. 22 ஜிபி அசலுக்கும் இதற்கும் டிவியில் வித்தியாசம் கண்டுபிடிக்க அலுவலகத்தில் யாராலும் முடியவில்லை.

எச்.264, எச்.265 என்று இரண்டு வகை காட்டும். இரண்டாவது அதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் தரும். ஆனால் வீட்டு டிவி பழையது என்றால் திறக்காது. நேரமும் அதிகம் எடுக்கும். சந்தேகம் இருந்தால் எச்.264.

சீப்புக் கோடு என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் ஒரு தொல்லை உண்டு. அந்நாளைய கல்யாண கேமராக்கள் பல, ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பிரித்து நொடிக்கு 50 பாதிகளாக எடுத்தன. பழைய டிவிக்கு அது பொருந்தியது. கம்ப்யூட்டரில் பார்த்தால், யாராவது தலையைத் திருப்பும்போது விளிம்பில் சீப்புப் பற்கள் போல் கோடு தெரியும். ஹேண்ட்பிரேக்கின் வடிகட்டிகள் பக்கத்தில் 'டீஇன்டர்லேஸ்' வசதி இருக்கிறது. அதைப் போடாமல் சுருக்கிவிட்டால் அந்தச் சீப்பு படத்திலேயே பதிந்துவிடும். பிறகு சுத்தமாக எடுப்பது கடினம். முழு வீடியோவையும் ஓட்டுவதற்கு முன், ஊர்வலத்திலிருந்து ஒரு நிமிடத்தை மட்டும் சுருக்கிப் பார்த்துவிடுங்கள். டிவிடியை எச்டி அளவுக்குப் பெரிதாக்கும் வேலையும் வேண்டாம். கோப்புதான் பெருக்கும், இல்லாத முகத்தெளிவு வராது.

ஒலியைத் தொடவே தொடாதீர்கள். 'அப்படியே கடத்து' என்னும் பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதை வையுங்கள். வீடியோவோடு ஒப்பிட்டால் ஒலி எடுக்கும் இடம் மிகச் சொற்பம். வீடியோக்காரர்கள் பலர் பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டு உண்மையான ஒலியை அமுக்கிவிடுகிறார்கள் என்பது நம் பகுதியில் பழைய வருத்தம். இனி வரும் கல்யாணங்களுக்காவது முன்பணம் கொடுக்கும்போதே, பாட்டு போடாத அசல் பதிவு முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில் வேண்டும் என்று பேசிவிடுங்கள். எடிட் முடிந்து கொஞ்ச காலத்தில் அசலை அழித்துவிடுவார்கள், பிறகு கேட்டுப் பயனில்லை.

பழைய லேப்டாப்பில் ஒரு கல்யாணம் சுருங்க ஓர் இரவு முழுதும் ஆகலாம். எங்களுக்குப் பதினோரு மணி நேரம் ஆனது. இஷாவுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள். முடிந்ததும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் போட்டுப் பாருங்கள். மொத்த நேரம் அசலோடு ஒத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பென் டிரைவில் போடும்போது 'கோப்பு பெரியது' என்று மறுத்தால், அது ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிப் போடுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்கவில்லை என்றால் வீடியோவை இரண்டு மூன்று பாகமாக்கிப் போடலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை சுருக்காமல் போகும்.

யாருடைய உரிமை?

சொந்தக் கல்யாண டிஸ்க்கை நகலெடுக்க வீடியோக்காரரின் அனுமதி வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். 1957-ம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எனவே அது உங்களுடையது.

கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்கின் விஷயம் அப்படியல்ல. அவற்றில் பூட்டு உண்டு. 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, பிறர் உரிமையை மீறும் எண்ணத்தோடு அந்தப் பூட்டை உடைப்பது 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உள்ள குற்றம். தமிழ்நாட்டில் திருட்டு வீடியோத் தொழில் செய்பவர்களை 2004-லேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மார்க்க அடிப்படையிலும் இது பேசப்பட்டிருக்கிறது. 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, படைப்புரிமையும் காப்புரிமையும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. கல்யாண டிஸ்க்குக்காக வாங்கிய டிரைவில் பிள்ளைகள் சினிமாவை நகலெடுத்துத் தெருவுக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு. கூடுதல் விளக்கம் வேண்டுவோர் தங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சட்டப்படி நம்முடையது என்றாலும், அதில் இருக்கும் எல்லோருடைய முகமும் நமக்குச் சொந்தமில்லை. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. நம்மை நம்பிப் பெண்கள் பகுதியில் நின்றவர்களின் படமும் ஓர் அமானிதம் என்றே நாங்கள் கருதுகிறோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முழு வீடியோவைப் போடுவதற்கு முன், நிக்காஹ், துஆ பகுதிகளை மட்டும் தனியாக வெட்டிப் பொது நகலாக வைத்துக்கொள்வது நல்லது. ஹேண்ட்பிரேக்கிலேயே தொடக்க நேரம், முடிவு நேரம் கொடுத்து இப்படி எடுக்கலாம். வெளியாரிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டு ஆண் ஒருவர் கூடவே உட்கார்ந்து, முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து கண்முன்னே அழிக்கச் சொல்லி வாங்கி வரட்டும். வேண்டாத டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போடும்போது கத்தரியால் நான்காக வெட்டிப் போடுங்கள்.

நகல் எடுத்த பிறகும் அசல் டிஸ்க்கை எறியாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் நின்றுபோகும். ஒரு நகல் உங்களிடம், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். ஆவடியில் தண்ணீர் ஏறும் அன்று திருச்சியில் ஏறாது.

சகோதரியின் டிஸ்க் முதல் டிரைவில் முக்கால் பாகத்தைத் தாண்டவில்லை. நம் வாசகர் ஒருவர் தந்த வேறொரு டிரைவில் மறுநாள் தொடர்ந்தோம். வலீமா விருந்துப் பகுதியில் நான்கு நிமிடம் மட்டும் இன்னும் படிக்கவில்லை. மூன்றாவது டிரைவ் ஒன்று கொரட்டூரில் இருப்பதாகக் கேள்வி, கேட்டிருக்கிறோம். நிக்காஹ் பகுதி முழுவதும் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பெண்கள் பகுதியை நாங்கள் திறந்து பார்க்கவில்லை. சகோதரியும் அவருடைய அம்மாவும் தனியறையில் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். பிறகு அத்தா பேசும் இடத்தைப் போட்டார்கள். மஹர் தொகையைச் சொல்லும்போது அவர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அம்மா அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை பின்னால் ஓட்டிக் கேட்டார்.